ஆண்டு வெட்டப்பட்ட அறிவிப்பு

எங்கள் நூலகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்று, அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் முதல் பிரச்சினையாக இருந்தது. மின்சார பிளக் இருந்த ஒரே சுவரை கலைக்களஞ்சிய அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். நானும் அவர்களும் சேர்ந்து அலமாரியை நகர்த்தி, கழிவறைக்குப் போகும் வழியில் நிறுத்தினோம். அடுத்த இரண்டு வருடங்களில் அந்த அலமாரி எங்கே போனது என்று என்னிடம் கேட்டவர்கள் ஒருவருமில்லை. கம்ப்யூட்டர் ஒரு நாள் ஓடாவிட்டால் காலை பதினொரு மணிக்குள் நான்கு பேர் கேட்டுவிடுவார்கள்.

செங்கல்பட்டில் என் வீடு. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, பாதி வழியைத் தாண்டி இறங்கினால் நூலகம். ஒரு கூடம், ஒரு சின்ன அறை, வேப்பமரத்தடியில் சைக்கிள் நிறுத்த இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் செய்தித்தாள் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள். சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருவார்கள். இவர்கள் எங்கள் புத்தகங்களை அதிகம் தொடுவதில்லை. தங்கள் ஜெராக்ஸ் கட்டுகளோடு வந்து, மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்து, போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படிப்பார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு மேசை, ஒரு பிளக், வீட்டில் கிடைக்காத அமைதி. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

நான் படித்த நூலகப் படிப்பில் புத்தகங்களை எண் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டியல் தயாரிக்கவும், கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வலைத்தளத்தைப் பார்த்து, இது யாருடையது, எப்போது எழுதியது, நம்பலாமா என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தரவில்லை. அப்போது அதற்கு அவசியமும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது எப்படி, உறுப்பினர் அட்டையில் பார்கோடு ஒட்டுவது எப்படி என்பதோடு மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, வாசகர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பியுங்கள் என்றார்கள்.

ஆரம்பித்தேன். முதலில் பத்துப் பதினைந்து பேர் இருந்த குழு, ஆறு மாதத்தில் நூறைத் தாண்டியது. புதுப் புத்தகம் வந்தால் அட்டையைப் படமெடுத்துப் போட்டேன். இரண்டு பேர் கைகூப்புவார்கள். வேலைவாய்ப்புச் செய்தி போட்டால் அரைமணி நேரத்தில் குழு முழுவதும் பார்த்துவிடும். ஒருநாள் பேருந்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "லைப்ரரி குரூப்ல போட்டுக்கீறாங்க, பார்த்தியா?" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தக அட்டைகளைக் குறைத்துக்கொண்டு வேலைச் செய்திகளைக் கூட்டினேன்.

அந்தக் குழுவில் ஒருத்தி, மதுராந்தகம் வழியில் படாளத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரில் கூலி வேலை செய்தவர்கள். இவள் கல்லூரி முடித்துவிட்டு, இங்கே அக்கா வீட்டில் தங்கி, கடற்கரை விடுதி ஒன்றில் துணிகள் வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். விடியற்காலை போனால் மூன்று மணிக்கு வேலை முடியும். மத்தியான இடைவேளைக்குப் பிறகு நான்கு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது படியில் நின்றுகொண்டிருப்பாள். கைகளில் சலவைப் பொடியின் வாசம் இருக்கும். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பேச்சு அதிகம் கிடையாது. ஏழு மணிக்கு நான் விளக்கை அணைக்கப் போகும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் ஒரு அரசுத் துறையில் உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்பு உண்டு. அடுத்த முறை அறிவிக்கும்போது அவள் அதைத் தாண்டியிருப்பாள். இதை அவள் சொல்லவில்லை. விண்ணப்பத்தை எங்கள் கம்ப்யூட்டரில் பாதிவரை நிரப்பியபோது, பிறந்த தேதியைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். எல்லாம் தயாராக இருந்தது. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதை அவள் படித்த பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, படமெடுத்து ஏற்ற வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு படம் வந்தது. இன்னொரு நூலகர் அனுப்பியது. அவருக்கு வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். அதே துறை, அதே வேலை. 'விண்ணப்பிக்கக் கடைசி நாள் நீட்டிப்பு' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே அரசு முத்திரை, கடித எண், கையெழுத்து. இன்னும் பதினைந்து நாள் அவகாசம் என்று நாளும் மாதமும் போட்டிருந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் அவள்தான். நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டேன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை. 'அவசரப்பட வேண்டாம், பொறுமையாக விண்ணப்பிக்கவும்' என்று நானாக ஒரு வரி சேர்த்துக் குழுவில் போட்டேன்.

அதற்குக் கீழே அவள் கட்டைவிரல் படம் போட்டிருந்தாள்.

பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விடுதியில் அந்த வாரம் ஒரு பெரிய கல்யாணம். புதன்கிழமை லீவு வேண்டும் என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் முடியாது என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலைவரை அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். வேலை போனாலும் பரவாயில்லை, போய்விடுவது என்று முடிவெடுத்திருக்கிறாள். என் செய்தியைப் பார்த்ததும் சரி, கல்யாணம் முடியட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். புதனும் வியாழனும் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் துவைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழோடு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மேடம், இது திறக்கவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் சிவப்பில் ஒரு வரி. வலைத்தளத்தில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினேன். அடுத்த கம்ப்யூட்டரில் முயன்றேன். அப்புறம் துறையின் அறிவிப்புப் பக்கத்துக்குப் போனேன். நீட்டிப்பு என்று எந்தக் கடிதமும் அங்கே இல்லை. கீழே, பழைய அறிவிப்புகள் என்று ஒரு வரிசை இருந்தது. அதில் ஒன்றைத் திறந்தேன். அதே கடிதம், அதே கையெழுத்து. என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் வலது ஓரம் கொஞ்சம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில்தான் ஆண்டு இருந்திருக்கிறது. கடித எண்ணின் கடைசியில் மட்டும், பொடி எழுத்தில், மூன்று வருடத்துக்கு முந்தைய ஆண்டு வெட்டுப்படாமல் தப்பியிருந்தது.

கடிதம் பொய்யில்லை. மூன்று வருடம் பழையது. வேண்டுமென்றே யாராவது வெட்டினார்களா, போனில் படமெடுத்தபோது தானாக ஓரம் போய்விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களில் தேதி முத்திரை குத்துவதுதான் என் வேலை.

அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"பழசா மேடம்?" என்றாள்.

"ஆமாம்மா."

சான்றிதழை உறைக்குள் திரும்பச் செருகினாள். அது சரியாக உள்ளே போகாமல் மடங்கியது. வெளியே எடுத்து, நேராக்கி, மறுபடி செருகினாள்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போனேன். துறையின் அலுவலகத்தில் மூன்று மேசைகள் மாறி, கடைசியில் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டர் வியாழக்கிழமை சாயங்காலம் தானாக மூடிவிடும், அதைத் திறக்கும் அதிகாரம் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது என்றார். நான் என் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"இதை யாரு உங்களுக்கு அனுப்பினது?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "குரூப்ல வந்துச்சு சார்" என்றாள்.

"நான்தான் அனுப்பினேன். நான் நூலகர்" என்றேன்.

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்களேவா?" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு, கோபமில்லாத குரலில், ஏதோ கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள்.

"எங்க ஹோட்டல் குரூப்லயும் அதே படம் வந்துச்சு மேடம். திங்கக்கிழமையே வந்துச்சு. நான் நம்பல. வாட்ஸப்புல இன்னா வேணா வரும், யார் வேணா போடுவாங்கன்னு வுட்டுட்டேன். மறுநாள் நீங்க போட்டீங்க. நீங்க போட்டா கரெக்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். செங்கல்பட்டில் இறங்கி, அவள் பேருந்து நிலையத்துக்குப் போனாள். நான் வீட்டுக்குப் போனேன். அதற்கப்புறம் நான்கு மாதம் அவள் நூலகத்துக்கு வரவில்லை.

அவள் சொன்னதை நான் பல தடவை நினைத்துப் பார்த்தேன். அவள் விவரம் போதாமல் ஏமாந்துபோகவில்லை. வந்த செய்தியை அவள் சரியாகவே சந்தேகப்பட்டிருந்தாள். அந்தச் சந்தேகத்தை எடுத்தது நூலகத்தின் பெயர். எங்கேயோ அலைந்துகொண்டிருந்த ஒரு படத்துக்கு நான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

இப்படியெல்லாம் நினைத்தேனே தவிர, நான் முதலில் செய்த காரியம் வேறு. சனிக்கிழமை அன்றே அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். வேறு யாராவது நம்பிவிடக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை என் மேலதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர், "அழிச்சிட்டீங்க இல்ல? அப்புறம் என்னம்மா? பெருசாக்காதீங்க. எழுத்துல எதுவும் தராதீங்க" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். இரண்டு நாள் அப்படியே இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசகர் ஒருவர் வந்தார். கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். துப்பறியும் கதைகளை இரண்டு இரண்டாக எடுத்துப் போவார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மேடம், குரூப்ல இன்னாவோ அழிச்சிக்கீறீங்க? 'செய்தி நீக்கப்பட்டது'ன்னு காட்டிகினு கீது. இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லை. தப்பா ஒண்ணு போட்டுட்டேன்."

"அதான் இன்னா தப்புன்னு கேக்கறேன். அந்தத் தேதி மேட்டரா? அத்த நான் என் மச்சான் பையனுக்கு அனுப்பிட்டேனே. அவன் இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பான். நீங்க இங்க அழிச்சிட்டா அங்க அழிஞ்சிருமா?"

அவர் மச்சான் பையன் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நிமிடம் அது எனக்குத் தெரியாது. அன்று அவர் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். இந்த அறிவிப்பு மூன்று வருடம் பழையது, சரிபார்க்காமல் நான் பகிர்ந்துவிட்டேன், ஒரு வாசகர் இதை நம்பி விண்ணப்பிக்க முடியாமல் போனார், இதை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் தயவுசெய்து அவர்களுக்கும் சொல்லுங்கள் என்று குழுவில் போட்டேன். பிறகு இரண்டு படங்களையும், ஓரம் வெட்டியதையும் முழுதாக இருப்பதையும், அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் அருகருகே ஒட்டினேன். ஆண்டு இருந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

பதினொரு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மேலதிகாரி ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. ஆனால் பலகைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விரலால் வட்டத்தைத் தொட்டார்கள். போட்டித் தேர்வு மாணவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டார்கள். புத்தகக் கண்காட்சி வைத்த அன்றுகூட எங்கள் கூடத்தில் ஒரே இடத்தில் அத்தனை பேர் நின்றதில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த ஆட்டோக்காரர் அவசரமாக உள்ளே வந்தார். வண்டியை வெளியே ஓடவிட்டிருந்தார். அதன் சத்தம் கேட்டது.

"மேடம், இத்த பாருங்க. நம்ம கடல்ல மீனுங்க எல்லாம் செத்து ஒதுங்கியிருக்காம். மூணு வாரத்துக்கு மீன் துன்னக் கூடாதாம். என் வண்டில கூடையோட வர்ற அம்மாங்க ரெண்டு பேரு காலையிலேர்ந்து ஒரு மீன் விக்கலன்னு அழுதுகினு வந்தாங்க. நெசமா, பொய்யா? சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. உட்காருங்க, பார்ப்போம்" என்றேன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கரை முழுக்க வெள்ளி வெள்ளியாக மீன்கள். பின்னால் ஒரு மலை தெரிந்தது. அவர்தான் முதலில் கவனித்தார். "நம்ம கடலோரம் எங்க மேடம் மலை கீது? தண்ணிய ஒட்டி இவ்ளோ பெரிய மலை?" இன்னொரு இடத்தில் ஒரு பெயர்ப் பலகை, அதிலிருந்த எழுத்து எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அந்தக் காட்சியைத் தனியாகப் படமெடுத்து, படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போட்டோம். வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றின் பெயரோடு, பல வருடத்துக்கு முந்தைய செய்திகள் வரிசையாக வந்தன. மீன்வளத் துறையின் பக்கத்தையும் பார்த்தோம். அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆனது.

அவர் பழைய செய்தியின் படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். மறுநாள் அந்த அம்மாக்களில் ஒருவர் நூலகத்துப் படிவரை வந்து, உள்ளே வரத் தயங்கி, அங்கிருந்தே கேட்டார்: "இங்கதான் நெசமா பொய்யான்னு பார்த்துச் சொல்ற ஆபீஸா?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினேன். யார் வேண்டுமானாலும் போனோடு வரலாம். நான் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். வந்தவரையே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, தேடச் சொன்னேன். சர்க்கரை நோய்க்குக் கஷாயம், ரேஷன் அட்டை ரத்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் படம், இலவச லேப்டாப் என்று வந்தன. சில உண்மையாகவும் இருந்தன. ரேஷன் கடை நேரம் மாறிய செய்தியைப் பொய் என்று எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டி, பிறகு அசடு வழிந்தோம். அறிந்துகொண்டவற்றை ஏழு வரிகளாக எழுதிப் பலகையில் ஒட்டினேன். தேதியைப் பார், ஆண்டைப் பார். முதலில் சொன்னவர் யார் என்று பார். துறையின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார். இப்படி. ஐந்தாவது வரி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பலகைக்கு முன்னால் நின்று, என் கையெழுத்திட்ட தாளைப் படித்தாள். பிறகு ஏழு வரிகளையும் படித்தாள். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் தேடுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு எழுந்து வந்தாள்.

"மேடம், அந்த அஞ்சாவது தப்பு."

"எது?"

"பூட்டு. பூட்டு போட்ட சைட்டுன்னா நல்ல சைட்டுன்னு எழுதிக்கீறீங்க. போன மாசம் எனக்கு ஒரு லிங்க் வந்துச்சு. ஏர்போர்ட்ல வேலைன்னு. அதுலயும் பூட்டு இருந்துச்சு. எல்லாம் கேட்டுட்டு, கடைசில பேங்க் நம்பரு கேட்டான். நான் குடுக்கல."

என்னால் உடனே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பயிற்சியில் யாரோ அப்படிச் சொன்னதாக நினைவு, நான் சரிபார்க்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். அவள் சொன்னதுதான் சரி. நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போவதை வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. எதிர்முனையில் இருப்பவன் நல்லவனா என்று அதற்குத் தெரியாது. ஏமாற்றுகிறவனும் பூட்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவது வரியைச் சிவப்பில் அடித்து, அது எப்படித் தப்பு என்று பக்கத்தில் எழுதினேன். பேனாவை அவளிடம் நீட்டி, நீயே எழுது என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் மேடம், என் கையெழுத்து நல்லாயிருக்காது என்றாள். அடுத்த ஞாயிறு நீ சொல்லிக்கொடு என்று கேட்டேன். அதற்கும் மாட்டேன் என்றாள். ஆனால் ஞாயிறுதோறும் வந்தாள். யாராவது தப்பான இடத்தில் அழுத்தப் போனால், பின்னாலிருந்து "இருங்க, இருங்க" என்று அவள் குரல் கேட்கும்.

அந்தத் துறையின் வேலை போனது போனதுதான். அதற்கடுத்த அறிவிப்பு வந்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது. வேறு இரண்டு தேர்வுகள் எழுதினாள். ஒன்றில் சில மதிப்பெண்ணில் போனது. அப்புறம் கேளம்பாக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் ஆள் தேவை என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார். அவள் போய் நேரில் விசாரித்து, அங்கே ஏற்கெனவே வேலை பார்த்தவளிடம் தனியாகப் பேசி, எல்லாம் உண்மைதான் என்று தெரிந்த பிறகே சேர்ந்தாள். சம்பளம் விடுதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை, கையில் சலவைப் பொடி இல்லை. சான்றிதழ்களுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு அவள் படிவம் நிரப்பித் தருகிறாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் ஐ.டி. ஆட்களும் வருகிறார்களாம். அவர்களும் போனில் வந்ததையெல்லாம் நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள் மேடம் என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் நூலகத்தில் இப்போது நான்கு கம்ப்யூட்டர்கள். புத்தகங்களைத் தேட ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. மின்னூல்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் இவற்றுக்கெல்லாம் கட்டங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. 'இதர பணிகள்' என்பதில் எழுதி அனுப்புகிறேன். மேலதிகாரி ஒருமுறை அதைப் படித்துவிட்டு, மற்றக் கிளைகளிலும் செய்யலாமே என்று கேட்டார். அவர் சொன்னதை மீறி நான் பலகையில் தாள் ஒட்டியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சென்ற மாதம் கேளம்பாக்கத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வேலை முடிந்து அவளும் நின்றிருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். பேருந்து வர நேரமாகியது. வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"என் மேல உனக்குக் கோவம் இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்ததாகத் தெரியவில்லை. சரியான பதில் எது என்றுதான் யோசித்தாள்.

"இருந்துச்சு மேடம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் கீது."

சரி என்றேன். அவளுடைய பேருந்து முதலில் வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி, உள்ளே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.